கை வெடிப்பு ஆற: தண்ணீரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேனி மாவட்டத்தில், பூண்டுச் சந்தைக்குப் பெயர்போன வடுகபட்டிக்குப் பக்கத்தில் நானும் என் நாத்தனாரும் மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறோம். தினமும் 45 பேருக்குச் சமையல். தொடங்கிய இரண்டாம் வருடம் என் இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியும் காய்ந்து, செதில் செதிலாக உரிந்து, பிறகு பிளந்தன. புளி கரைக்கும்போது பிளவில் புளித்தண்ணீர் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். சேலைக்குக் கொசுவம் வைக்கும்போது நூல் வெடிப்பில் மாட்டி இழுக்கும். கடைசியில் இரண்டு உள்ளங்கைகளும் வெடித்துவிட்டன.

14 மாதம் களிம்பை மாற்றி மாற்றிப் பூசினேன். காரணம் பூண்டு என்று தெரிந்த பிறகு கை ஆறுவதற்கு 7 வாரம்தான் ஆனது. அந்த 14 மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மெஸ், ஹோட்டல், வீட்டு வேலை, சலூன், துணி துவைப்பு, நோயாளி பராமரிப்பு, கைக்குழந்தை வளர்ப்பு என்று நாள் முழுக்கக் கை நனைகிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

1. ஒரு வாரம் கையைக் கணக்கெடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு பழைய நோட்டை அடுக்களையில் வையுங்கள். கை நனையும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, 20 முறைக்கு மேல் கழுவினாலோ அதைத் தோல் மருத்துவர்கள் ‘ஈர வேலை’ என்பார்கள். என் நோட்டில் முதல் நாளே 63 கோடுகள் விழுந்திருந்தன.

உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. முகம் போலத் தானாக எண்ணெய் கசிந்து காப்பாற்றிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. தோலின் மேலடுக்கில் இருக்கும் கொஞ்சநஞ்சக் கொழுப்பையும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். கை நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, ஒருநாள் மடிப்பு விழும் இடத்தில் பிளக்கிறது.

வெடிப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்பதையும் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மோதிரத்துக்கு அடியிலும் விரல் இடுக்குகளிலும் என்றால், சோப்பு தேங்கி நிற்பது காரணமாக இருக்கலாம். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கையின் மூன்று விரல் நுனிகளில் மட்டும் என்றால், பூண்டையோ வெங்காயத்தையோ சந்தேகப்படுங்கள். கத்தியை வலக்கையில் பிடித்து, பல்லை இடக்கையின் அந்த மூன்று விரல்களால்தானே பிடிக்கிறோம்! இது எனக்கு 14 மாதம் தோன்றவில்லை. ஒரே ஒரு உள்ளங்கை மட்டும் காய்ந்து மாவு படிந்தது போல இருந்து, இரண்டு பாதங்களிலும் அதேபோல் இருந்தால் அது படையாக, அதாவது பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருத்துவமே வேறு. உள்ளங்கையில் ஓரம் தெளிவான தடித்த திட்டுகள், முழங்கையிலோ தலையிலோ செதில், நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் என்றால் சொரியாசிஸா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

2. இன்று இரவே தொடங்குங்கள்

இதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. வாசனையும் நிறமும் சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பாவும், வெள்ளைப் பருத்திக் கையுறை இரண்டு ஜோடியும் போதும். ஜெல்லி 100 கிராம் எனக்கு 90 ரூபாய்க்குக் கிடைத்தது. கையுறைக்கு நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்: பள்ளி அணிவகுப்புக்குப் பிள்ளைகள் போடுவார்களே, அந்த வெள்ளைக் கையுறைதான். சீருடைக் கடையில் ஜோடி 40 ரூபாய்க்கு வாங்கினேன்.

படுக்கப் போகும் முன் கையை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 5 நிமிடம் வைத்திருங்கள். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே, 3 நிமிடத்துக்குள், ஜெல்லியைப் பூசிவிடுங்கள். ஜெல்லி தானாக ஈரம் தராது. இருக்கும் ஈரத்தை வெளியே போகாமல் மூடும், அவ்வளவுதான். காய்ந்த கையில் பூசினால் பலன் பாதியாகிவிடும். பூசிய பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு படுங்கள்.

முதல் 3 இரவிலேயே எரிச்சல் குறைவது தெரியும். 10 நாளில் சிறு பிளவுகள் மூடத் தொடங்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஜெல்லி ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். அதிகாலையில் எழுந்து அதே கையுறையோடு அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். நாங்கள் 4 மணிக்கே அடுப்பு மூட்டுகிறவர்கள் என்பதால், கையுறையைக் கழற்றிப் போட ஒரு பையைக் கட்டிலிலேயே கட்டி வைத்திருக்கிறேன். கத்தி எடுக்கும் முன்பும் கையைத் துடைத்துவிடுங்கள், வழுக்கும். கையுறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைத்து வெயிலில் போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். லேசான வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிளந்த உள்ளங்கைக்கு அது சீக்கிரம் வழிந்துபோகும். தேன்மெழுகைத் தேங்காய் எண்ணெயில் உருக்கிச் செய்யும் களிம்பு கொஞ்சம் கூடுதலாக நிற்கும். எலுமிச்சைச் சாறு, உப்பு, சர்க்கரை போட்டுத் தேய்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். பூண்டை அரைத்து வெடிப்பில் வைத்துக் கட்டச் சொல்வாரும் உண்டு. பச்சைப் பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால் தீக்காயம் போலக் கொப்புளம் போடும்.

3. பகலில் கழுவும் முறையை மாற்றுங்கள்

இரவில் பூசியதைப் பகலில் கரைத்துவிட்டால் என்ன பயன்? கழுவும் முறைதான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது.

மோதிரத்தைக் கழற்றுங்கள். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மனம் வராது என்று தெரியும். நான் தாலிக்கொடியோடு கோத்துக்கொண்டேன். கழுவும் தண்ணீர் சூடாக இருக்க வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் ஒருபோதும் கையைக் கழுவாதீர்கள். எங்கள் மெஸ்ஸில் தொட்டியோரம் இருந்தது அந்த ஒரே கட்டிதான்; பாத்திரத்துக்கும் கைக்கும் அதுவே. காரம், அமிலம் இரண்டையும் அளக்கும் பிஹெச் அளவு சாதாரணக் குளியல் சோப்பில் 9 அல்லது 10 வரை, அதாவது காரப் பக்கம் போகும். தோலின் இயல்பு 5 அளவில், அமிலப் பக்கம். ‘பிஹெச் 5.5’ என்று அட்டையில் போட்டிருக்கும், வாசனை இல்லாத சோப்பு ஒன்றைக் கைக்கென்று தனியாக வையுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கைக்கு மட்டும் என்பதால் எனக்கு ஒரு கட்டி ஒன்றரை மாதம் வந்தது.

அழுக்கு எதுவும் தெரியாத கையை, கிருமிக்காக மட்டும் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், கிளிசரின் சேர்த்த சானிடைசர் சோப்பைவிடத் தோலுக்கு நல்லது. கோவிட் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையிலும் 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு. ஆனால் திறந்த பிளவில் அது பட்டால் எரிச்சலில் உயிர் போகும். பிளவு மூடும் வரை பொறுங்கள். ஜெல்லியோ கிளிசரினோ கையில் இருந்தாலும் சமையலில் சோப்பால் கழுவ வேண்டிய இடத்தில் கழுவத்தான் வேண்டும்: கறி, மீன் தொட்ட பிறகும், கழிப்பறை போய் வந்த பிறகும்.

கழுவிய ஒவ்வொரு முறையும் பூச ஒரு சிறு டியூபை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பகலுக்கு ஜெல்லி வேண்டாம், பிசுபிசுப்பில்லாத கெட்டிக் கிரீம் போதும். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். ஒரு கைக்கு, முன்னும் பின்னும் சேர்த்து, அது சரியான அளவு. ஒரு நாளைக்கு 6 முறை இரண்டு கைக்கும் பூசினால் 6 கிராம். 30 கிராம் டியூப் 5 நாளில் தீர்ந்துவிடும். ஆகவே சிறு டியூபாக வாங்கிக் காசை விடாதீர்கள். பெரிய டப்பாவாக வாங்கி, சுத்தமான கரண்டியால் எடுத்துச் சிறு டப்பாவில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

‘யூரியா 10’ என்று எழுதிய, அதாவது 10 சதவீதம் யூரியா சேர்ந்த கிரீம் தடித்துப்போன உள்ளங்கைக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் திறந்த பிளவில் எரியும். நான் முதலிலேயே அதை வாங்கிப் பூசி, எரிச்சல் தாங்காமல் குப்பையில் போட்டேன். பிளவு மூடிய பிறகு தொடங்கியிருக்க வேண்டும்.

4. கையுறை: எல்லாரும் சறுக்கும் இடம்

“கையுறை போட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமானது” என்று நூறு பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொன்னேன். கையுறை தவறில்லை, போட்ட முறைதான் தவறு.

ரப்பர் கையுறைக்குள் கை வியர்க்கும். அந்த வியர்வையிலேயே தோல் ஊறும். அதனால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை, மேலே நீர் புகாத கையுறை. ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உள்கையுறை நனைந்ததும் மாற்றுங்கள்; எனவே ஒரு நாளைக்கு 4 ஜோடியாவது வேண்டும். மேல் கையுறையின் முழங்கைப் பக்க ஓரத்தை ஒரு விரற்கடை வெளிப்புறமாக மடித்து விடுங்கள், இல்லையென்றால் கையைத் தூக்கும்போது சோப்புத் தண்ணீர் உள்ளே வழியும். வாரம் ஒருமுறை தண்ணீர் நிரப்பிப் பிழிந்து பாருங்கள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் உள்ளே தேங்கிய கையுறை, வெறுங்கையைவிடக் கெடுதல்.

இயற்கை ரப்பர் கையுறையில் ஜெல்லி பட்டால் ரப்பர் இளகி ஓட்டை விழும். பகலுக்கு ஜெல்லி வேண்டாம் என்று மேலே சொன்னது அதற்காகவும்தான்.

ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருளே சிலருக்கு ஒவ்வாது. கையுறை போட்ட பிறகு புறங்கையிலும் மணிக்கட்டிலும் அரிப்பு கூடினால் அதைச் சந்தேகப்படுங்கள். அப்படியானால் வினைல் கையுறைக்கு மாறுங்கள். நைட்ரைல் கையுறை என்றால் அந்த வேதிப்பொருள்கள் சேர்க்காதது என்று அட்டையில் குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். 100 எண்ணிக்கை கொண்ட நைட்ரைல் பெட்டிக்கு நான் கொடுத்தது 420 ரூபாய்.

பூண்டு ஒவ்வாமை உறுதியானவர்களுக்குக் கையுறையை நம்பச் சொல்ல மாட்டேன். பூண்டில் இருக்கும், ஒவ்வாமை தரும் பொருள் பெரும்பாலான கையுறைகளை ஊடுருவி உள்ளே வந்துவிடும். பூண்டைத் தொடாமல் இருப்பதுதான் வழி. முதலில் இதை வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தது. மெஸ்ஸில் நாளொன்றுக்கு ஒரு கிலோ பூண்டு உரிக்க வேண்டும், அதை எப்படி இன்னொருவர் தலையில் கட்டுவது? “மதினி, பூண்டும் வெங்காயமும் இனி என் பாடு. தேங்காய் துருவுவதையும் கணக்கு நோட்டையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றாள் என் நாத்தனார். என் கை ஆறியதற்கு எந்தக் களிம்பையும்விட அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். உங்கள் வீட்டிலும் வாய்விட்டுக் கேளுங்கள். பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வெங்காயமும் ஒத்துக்கொள்ளாது, அதையும் கவனியுங்கள்.

5. பிளவு ஆழமாக இருந்தால்

ரத்தம் கசியும் பிளவின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்து, குறுக்கே காகித டேப்பை ஒட்டுங்கள். விரலை மடக்கும்போது பிளவு மறுபடி திறக்காமல் இருந்தால்தான் தோல் கூடும். டேப் சுற்றிய இடம் ஈரமானால் உடனே மாற்றுங்கள். ஓரங்களில் கட்டியாக நிற்கும் தோலைப் பிளேடால் சீவாதீர்கள்.

மஞ்சள் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, சீழ் வந்தாலோ, வீங்கிச் சூடாக இருந்தாலோ, சிவப்புக் கோடு கையில் மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

6. மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாதது

என் 14 மாதத்தில் பாதியை விழுங்கியது இதுதான். கையை நீட்டிக் காட்டினால், மூன்று மருந்து சேர்ந்த ஒரு டியூபைக் கொடுப்பார்கள்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். நிறுத்தினால் முன்னைவிட வேகமாகத் திரும்பும். மறுபடி பூசுவோம். மாதக்கணக்கில் இப்படிப் பூசினால் தோல் மெலிந்து இன்னும் எளிதாகப் பிளக்கும். உண்மையில் அது படையாக இருந்தால் ஸ்டீராய்டு அதன் அடையாளத்தையே மறைத்து உள்ளுக்குள் பரப்பிவிடும். பிறகு டாக்டருக்கே கண்டுபிடிப்பது கடினம். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

ஸ்டீராய்டே ஆகாது என்பதில்லை. உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் அங்கே வீரியமான மருந்து தேவைப்படலாம். டாக்டர் பார்த்து, எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் அது மிக நல்ல மருந்து. எனக்கு இரண்டு வாரம் இரவில் ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைத்துக் கொடுத்தார்கள். என் சீட்டைப் பார்த்து நீங்கள் வாங்காதீர்கள்.

7. டாக்டரிடம் போகும்போது

மேலே சொன்னதை ஒழுங்காக 3 வாரம் செய்தும் ஆறவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு, ஓபி சீட்டுக்குக் கட்டணம் இல்லை. காலை 8 மணிக்கு முன் வரிசையில் நின்றால் பகல் 12க்குள் வெளியே வரலாம். தனியாரிடம் நான் கொடுத்த ஆலோசனைக் கட்டணம் 400 ரூபாய்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: ஆதார் அட்டை, பழைய சீட்டுகள் அனைத்தும், இதுவரை பூசிய ஒவ்வொரு டியூபும். காலியானதாக இருந்தாலும் எடுத்துப் போங்கள்; பெயர் தெரிந்தால் போதும். பாத்திர சோப்பு, தரை துடைக்கும் திரவம், தலைச்சாயம் ஆகியவற்றின் அட்டைகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார நோட்டும் வேண்டும். கை மோசமாக இருந்த நாளின் படமும் வேண்டும், ஏனென்றால் டாக்டரைப் பார்க்கும் நாளில் கை சற்றுத் தெளிந்திருக்கும். போகும் அன்று காலை எதுவும் பூசாதீர்கள், மருதாணி வைக்காதீர்கள். பாதத்தையும் காட்டுங்கள். சிறுவயதில் கரப்பான், வீசிங் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆலோசனைக் கட்டணத்துக்கும் களிம்புக்கும் பயன்படாது, அதை நம்பிப் போகாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்கள், காப்பீட்டு எண்ணோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். வேலையால் வரும் தோல் நோய் அவர்களுடைய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. என்ன வேலை செய்கிறீர்கள், கை எதில் படுகிறது என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதிய மருந்தின் வேதிப்பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டால், மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ குறைந்த விலையில் கிடைக்குமா என்று பார்க்கலாம்.

ஒவ்வாமை என்று டாக்டர் சந்தேகப்பட்டால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை ஆளுக்கொன்றாக வைத்த சிறு வில்லைகளை முதுகில் ஒட்டுவார்கள். 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், 4ஆம் நாள் மறுபடி பார்ப்பார்கள். திங்கள், புதன், வெள்ளி என்று மூன்று முறை போக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ் செலவையும் மூன்று நாள் வேலை இழப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தனியாரில் எனக்கு 2,500 ரூபாய் ஆனது. அந்த வாரம் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் வைகாசியில் போனேன், வியர்வையில் வில்லைகள் பெயர்ந்துவிட்டன. பணமும் போனது, தை மாதத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், முடிவு தப்பாக வரும். தானாக நிறுத்தவும் வேண்டாம். வழக்கமான வில்லை வரிசையில் பூண்டு இருக்காது. உங்கள் வேலையில் பூண்டு உண்டு என்று நீங்கள்தான் சொல்லிக் கேட்க வேண்டும்.

8. ஆறிய பிறகு 4 மாதம்

வெடிப்பு மூடி, தோல் மழமழவென்று ஆனதும் எல்லாரும் நிறுத்திவிடுகிறோம். நானும் ஒரு கல்யாண ஆர்டருக்காகக் கையுறையைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு நாள் வெறுங்கையில் அண்டா தேய்த்தேன். மூன்றாம் நாள் அதே மூன்று விரல்கள், அதே இடம். மேலே ஆறினாலும் உள்ளே தோலின் காப்பு பழைய வலுவுக்கு வர மேலும் 4 மாதமாவது ஆகும். அதுவரை இரவு ஜெல்லியும் பகல் கிரீமும் கையுறையும் அப்படியே தொடர வேண்டும். ஆடிக் காற்று வீசும்போதும் மார்கழிப் பனியிலும் கை மறுபடி இறுகும். அந்த மாதங்களில் இரவுக் கையுறையை அறிகுறி தெரியும் முன்பே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

முதல் மாதச் செலவு எனக்கு, டாக்டர் கட்டணமும் பேட்ச் டெஸ்டும் நீங்கலாக, 1,150 ரூபாய் ஆனது. பெரும்பகுதி கையுறைகளுக்கு. இப்போது மாதம் 300 ரூபாய்க்குள் முடிகிறது. மெஸ் கணக்கு நோட்டில் அரிசி, பருப்புக்குக் கீழே ‘கை’ என்று அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறேன்.